சிவப்பாக இருந்தால்தான் மருந்து

வெள்ளை மாத்திரை ஒன்றுகூட இனித் தன் தொண்டைக்குள் இறங்காது என்று அர்கம் அறிவித்தபோது, அதைக் கேட்க வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி மனைவி பஸீனா. மற்றவள் அவள் இடுப்பில் இருந்த மகள் ஸஃப்னா. மகளுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. ஆனாலும் அவள்தான் கவனமாகக் கேட்டாள்.

“போன மாசம் வரைக்கும் சிவப்புத் தந்தாங்க. இந்த மாசம் வெள்ளை. வெள்ளை தலையிடிக்குப் போடுறது. எனக்குத் தலையிடியா இரிக்கி?”

“மருந்து அதேதான், கம்பெனிதான் வேற எண்டு கிளினிக்ல மருந்து குடுக்கிற மிஸ் சொன்னாதானே.”

“மிஸ்ஸுக்கு என்ன தெரியும்? ரத்தத்துக்குச் சிவப்பு. காமாலைக்கு மஞ்சள். வயித்துக்குக் கறுப்பு.”

“அப்ப நீலம் எதுக்கு?”

அர்கம் நன்றாக யோசித்தான். “அது நேவிக்காரங்களுக்கு இருக்கும்.”

சிரித்துவிட்டுப் போகிற விசயம் இல்லை இது. மாம்புரித் தோட்டத்து மரக்கறி தம்புள்ளைச் சந்தைக்குப் போவது அர்கம் ஓட்டும் லொறியில்தான். லைசன் புதுப்பிக்கப் போன இடத்தில், பிரஷர் கூடுதல் என்று மெடிக்கலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்டு வா என்றார்கள். அப்போதும் இறங்காவிட்டால் லொறிச் சாவி வேறு ஆளின் கைக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பஸீனா சண்டை பிடிக்காமல் மாத்திரைப் பக்கெட்டை அலுமாரிக்குள் எடுத்து வைத்தாள். அதுதான் அர்கமுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் கோப்பையில் கருஞ்சிவப்பாக ஒன்று வந்தது.

“இது என்ன?”

“ரத்தத்துக்கு. குடிச்சுப் பாருங்க. சரியில்லாட்டி விடுங்க.”

இஞ்சி நாக்கைச் சுட்டது. வெந்தயம் தொண்டையில் கசந்தது. அர்கமுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. நல்ல மருந்து ருசியாக இருக்கக் கூடாது. கோப்பையைக் கீழே வைக்குமுன்பே உடம்பு பஞ்சாகிவிட்டது என்றான். மறுநாள் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவனின் முகம் பெருநாள் முகமாக இருந்தது.

“பஸீனா, கெட்ட ரத்தம் எல்லாம் வெளிய போகுது.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று அவள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் சவிரிமுத்து வலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

“சவிரியண்ணன், என்னப் பாருங்க. முகத்தில ரத்தம் ஓடுதா?”

“ஓடுது தம்பி. உதட்டிலயும் ஓடியிருக்கு. வெத்திலையா?”

“மருந்து.”

“எண்ட முழங்காலுக்குக் கேக்குமோ?”

“முழங்காலுக்கு என்ன நிறம் எண்டு பாத்துச் சொல்றன்.”

எல்லாம் நன்றாகத்தான் போனது. அலுமாரியைத் திறந்த அன்றுதான் குழப்பம் பிடித்தது. அவன் தொடாமல் விட்ட வெள்ளை மாத்திரைகள் பாதியாகிக் கிடந்தன. அவன் போடவில்லை. மகளுக்குப் பல்லில்லை. மிச்சம் இருப்பது பஸீனா. வெள்ளை தலையிடிக்கு. அப்படியென்றால் அவளுக்குத் தினமும் தலையிடி. அவளுக்கு அப்படித் தலையிடி தரக்கூடியவர் வீட்டில் யார்? அலுமாரிக் கண்ணாடியில் அந்த ஆளே நின்றான்.

“பஸீனா, உனக்குத் தலையிடியா?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த மாத்திரைப் பக்கெட்டைப் பார்த்தாள். பிறகு வாளியில் குவிந்து கிடந்த பிள்ளையின் துணிகளைப் பார்த்தாள்.

“இப்பதான் தொடங்கிச்சு.”

“எதால வருது?”

“இந்த வாளியக் கண்டா வருது.”

அன்றிலிருந்து பிள்ளைத் துணியைச் சவுக்காரம் போட்டுக் கழுவுவது அர்கம். சோற்றுப் பானையைக் கண்டாலும் வருகிறது என்று தெரிந்தது. பானையும் அவன் கைக்கு வந்தது. தொட்டில் ஆட்டினால் கழுத்து வழியாக ஏறுகிறதாம். தொட்டிலும் வந்தது. இத்தனை செய்தும் அவளுடைய தலையிடி குறையவில்லை, மாத்திரைதான் குறைந்தது. இது என்ன தலையிடி என்று அவனுக்கு விளங்கவேயில்லை.

மாதம் முடிந்தது. மெடிக்கலில் பிரஷர் சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அர்கம் நேரே கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸின் முன் நிமிர்ந்து நின்றான்.

“மிஸ், பிரஷர் இறங்கிட்டு. உங்கட வெள்ளையால இல்ல. அதுகள நான் தொடவேயில்ல. மனுசிதான் போட்டா, பாவம், தலையிடிக்கு.”

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். “அவ போட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பா. உங்கட மனுசி பஸீனாதானே? இடிச்சுக் கரைச்சுக் குடுக்கலாமா எண்டு கேட்டவ. இந்த மாத்திரைய இடிக்கலாம், கரைச்ச உடன குடிச்சிரணும் எண்டு நான்தான் சொன்னன். பீட்ரூட் தண்ணியில நீங்க ஒழுங்கா குடிக்கிறீங்கதானே?”

பீட்ரூட். வருசக்கணக்காக அவன் மூடை மூடையாக ஏற்றி இறக்கும் அதே பீட்ரூட்.

வீடு வரும்வரை கோபத்தைச் சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டே வந்தான். வாசலில் பஸீனா பிள்ளையோடு நின்றாள்.

“பீட்ரூட்டா தந்தாய்?”

“மாத்திரையும்தான் தந்தன்.”

“உண்ட தலையிடி?”

“சோக்கா விட்டுப் போச்சு. மெடிக்கல் என்னாச்சு?”

“தேறிட்டன்.”

“எதால தேறினீங்க?”

அர்கம் வாயைத் திறந்தான். சிவப்பாலா, வெள்ளையாலா, சிவப்புக்குள் இருந்த வெள்ளையாலா? அடுக்கிவந்த சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எல்லாம் தெரிஞ்சு போச்சுதானே. நாளைக்கு வெள்ளையாவே தாறன், முழுங்குங்க.”

உள்ளங்கையில் வெள்ளையாக ஒன்று இருப்பதை நினைத்துப் பார்த்தான். இப்போதே படபடவென்று வந்தது.

“வேணாம். சிவப்பாவே தா.”

“பீட்ரூட் அரைக்கணும். வடிக்கணும். மாத்திரை இடிக்கணும். எனக்கு எங்க நேரம்?” என்று சொல்லிக்கொண்டே, பஸீனா காலால் துணி வாளியை அவன் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

அர்கம் வாளியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். லொறியை நினைத்தான்.

“சவுக்காரம் எங்க இரிக்கி?” என்றான்.