பன்னிரண்டு வருஷக் கத்திக்கு ஒரு நற்சாட்சி

எடப்பாடிக்கு மேற்கே, கரும்புக்காடு
தாது வருஷம் தை மாதம் 18ஆம் தேதி

சேலம் மச்சான் பாலசுந்தரம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பூவாத்தாளின் புருஷன் செங்கோடன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், பூவாத்தாள், இரண்டு எருதுகள், சினையாயிருக்கும் எருமை எல்லோரும் தெய்வ கிருபையால் சுகம். அங்கே தங்கள் சுகத்தையும் தங்கள் முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல்.

தாங்கள் எழுதிய காகிதம் வந்தது. தங்கள் மகள் கமலவேணியைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்கு, என் கல்யாணத்தில் எனக்குக் கொடுத்தது போலவே கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று கொடுக்க நினைப்பதாகவும், அது நெடுநாள் உழைக்குமா என்று அனுபவித்தவன் வாயால் கேட்க வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். மச்சான், என்னைவிட அதற்குத் தகுந்த ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. முதல் பதினோரு வருஷம் அந்தக் கத்தி துளிகூடத் தேயவில்லை. காரணம், நான் அதைத் திறக்கவே இல்லை. விளக்கெண்ணெய் தடவி, பட்டுத்துண்டில் சுற்றி, அதன்மேல் மல்லுத்துணி, அதற்கும் மேல் காடாத்துணி சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போதும் மடக்கியபடியேதான். பூவாத்தாள் வெங்காயம் அரியக் கேட்டால்கூட, "அது உங்கண்ணன் குடுத்த சாமான், வெங்காயத்துக்கா?" என்று அதட்டிவிடுவேன்.

போன மாசியில் நம் காட்டில் கரும்பாலை ஓடிற்று. நாலு ஊர் ஆட்கள் வருவார்கள், பார்க்கட்டும் என்று கத்தியை மூன்று துணியோடும் இடுப்பில் செருகியிருந்தேன். பண்ணையாள் பொன்னன் எருதுகளைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். பூவாத்தாள் உட்கார்ந்து ஆலைக்குள் கரும்பைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்தது இளம்பிள்ளைத் தறிச் சேலை, தாங்கள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்ததுதான். அதன் முந்தானை காற்றில் பறந்து இரும்பு உருளைக்குள் போய்விட்டது. "ஐயோ, மாட்ட நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள், பொன்னன் நிறுத்தினான், ஆனால் கூட்டத்தைக் கண்டு மிரண்ட எருதுகள் நிற்குமா, ஒரு எட்டு வைத்தன, ஆலை சேலையை இன்னொரு சுற்று இழுத்தது, அவள் முகம் இரும்புக்கு ஒரு சாணில் வந்துவிட்டது. பின்னுக்கு ஓட்டினால் ஆலை திரும்பாது. பொன்னன் இரண்டு மூக்கணாங்கயிற்றிலும் தொங்கிக்கொண்டு, "ஏனுங்க, அறுத்து உடுங்க! என்னால தாங்க முடியாதுங்க!" என்று அலறினான்.

கத்தியை உருவினேன். காடாத்துணி அவிழ்ந்தது. மல்லுத்துணி முடிச்சு விழுந்துவிட்டது, பல்லால் அவிழ்த்தேன். பட்டுத்துண்டும் போயிற்று. அலகைப் பிடித்து இழுக்கிறேன், அசைய வேண்டுமே! தடவித் தடவி வைத்த விளக்கெண்ணெய் உள்ளே பிசினாய் இறுகிப்போயிருந்தது. கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். இந்த மனுஷியை இழக்கப்போகிறேன் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தது இன்றைக்கும் மறக்கவில்லை, மச்சான். அவள்தான் ஒற்றைக் கையை நீட்டி, "இங்க குடுங்க!" என்று பிடுங்கி, அலகின் முதுகைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பில் திறந்து, தோளோரம் சேலையை அறுத்துக்கொண்டு மண்ணில் உருண்டாள். அடுத்த எட்டில் அறுந்த முந்தானை முழுதும் உள்ளே போய்விட்டது.

நான் ஓடிப்போய் மேல்துண்டைப் போர்த்திவிட்டு அழுதேன். அவள் என் விரலைப் பார்த்துவிட்டு, "நீங்க மூணு துணியும் அவுத்து முடிக்கறதுக்குள்ள நான் வெல்லமாயிருப்பேனுங்க" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று முதல் கத்தி அவள் இடுப்பில். வெங்காயம் அரிகிறது, எருமைக்குக் கயிறு அறுக்கிறது, கொப்பரையில் ஒட்டிய வெல்லத்தைச் சுரண்டுகிறது, என் காலில் தைத்த முள்ளை எடுக்கிறது. ஒரு வருஷமாய் இத்தனை பாடு பட்டும் பிடி ஆடவில்லை, அலகு மழுங்கவில்லை. வேலை செய்யச் செய்யத்தான் பளபளக்கிறது. ஆகையால் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதே கத்தியை வாங்கலாம். ஆனால் மாப்பிள்ளைக்கு வேண்டாம். கமலவேணிக்குக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னமே வண்டி கட்டி வந்துவிடுகிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதம். அக்காவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
செங்கோடன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தைப் பூவாத்தாளிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அது அண்ணன் குடுத்த கத்தி இல்லீங்க" என்கிறாள். நாலு வருஷம் முன்னே நான் சங்ககிரி போயிருந்த அன்று, கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதில் மாங்காய் அறுத்தாளாம். கை நழுவி உள்ளே விழுந்துவிட்டதாம். "நீங்க மனசொடஞ்சு போவீங்கன்னு அடுத்த சந்தையிலயே அதே மாதிரி ஒண்ணு வாங்கி, மூணு துணியும் சுத்தி வெச்சுப்புட்டேனுங்க." நாலு ஆயுத பூஜைக்கு எவனோ ஒரு சந்தைக்காரன் கத்திக்குச் சந்தனம் வைத்திருக்கிறேன், மச்சான்! ஆகையால் மேலே எழுதிய நற்சாட்சி எதுவும் தங்கள் கத்தியைச் சேர்ந்ததல்ல. அதன் உறுதியைச் சொல்ல வேண்டுமானால் கிணறு வற்ற வேண்டும். இந்த வருஷம் தண்ணீர் மேல்படி வரைக்கும் நிற்கிறது. வற்ற வேண்டுமென்று சாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.