தாடை அண்ணனின் முப்பத்தொரு சதவீதம்

பதினோராயிரம் பேர் ஒரே நேரத்தில் தங்கள் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் என் மச்சானும் ஒருவர்.

'மரபுச் சிங்கங்கள்' என்ற இணையக் குழுவின் நேரலை அது. தலைவரைத் தாடை அண்ணன் என்பார்கள். தாடையைப் படமெடுத்து அனுப்பினால், உங்களுக்குள் எத்தனை சதவீதம் ஆண்மை என்று சொல்லிவிடுவார். முன்னோர் கண்ட கலையாம். முன்னோரிடம் கேமரா இருந்ததா என்று ஒருவன் கேட்டான். இப்போது அவன் குழுவில் இல்லை. "ஆதாரம் கேக்கறது பொம்பளை புத்தி. நாம தர்க்கத்துல நிக்கிறவங்க" என்றார் அண்ணன். சிங்கங்கள் கட்டைவிரலை உயர்த்தின.

மச்சானுக்கு முப்பத்தெட்டு வந்தது. பரிகாரம் இரண்டு. அண்ணன் விற்கும் ரப்பர் கட்டையைத் தினமும் அரை மணி நேரம் கடிக்க வேண்டும். மனைவி வேலையை விட வேண்டும்.

மனைவி என்றால் என் அக்கா. ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். எட்டு வருட வேலை.

"திங்கக்கிழமை லெட்டர் குடுத்துடு" என்றார் மச்சான், வாயில் கட்டையோடு.

"அதை எடுத்துட்டுப் பேசுங்க."

எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நான் ரத்தம் பாத்தா உங்க தாடை தேயுதா?"

"எனக்கு மட்டும் ஆசையா? அளந்து சொல்லியிருக்காங்க."

"லெட்டர் குடுப்பேன். அதோட உங்ககிட்ட பேசறதையும் விட்டுடுவேன்." அக்கா சொன்னதைச் செய்கிறவள்.

நான் மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன். போன தேர்வில் கோட்டை விட்டவன். ஆனாலும் வாத்தியார் சொன்ன ஒன்று நினைவிருந்தது: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், முதலில் என் தாடையைத்தான் ஸ்கேல் வைத்து அளந்தேன். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது.

படத்தோடு ஒரு படிவமும் கேட்கிறார்கள், 'சும்மா பதிவுக்கு'. பாத்திரம் கழுவுவது யார்? மனைவி வேலைக்குப் போகிறாரா? ஒரே படத்தை இரண்டு பெயர்களில் அனுப்பினேன். ஒன்றில் 'நான்தான் கழுவுகிறேன்' என்றும், மற்றதில் 'சமையலறை எந்தப் பக்கம் என்றே தெரியாது' என்றும் எழுதினேன். முதலாமவருக்கு முப்பத்தொன்று. இரண்டாமவருக்குத் தொண்ணூற்றிரண்டு. என்மேலேயே சந்தேகம் வந்து, வேறு பெயர்களில் இன்னும் இரண்டு முறை அனுப்பினேன். அதே கதைதான்.

சனிக்கிழமை மச்சானின் டயர் கடைக்குப் போனேன். கையில் காற்று மீட்டரோடு குனிந்திருந்தார்.

"மச்சான், ஒரே டயருக்கு அந்த மீட்டர் ஒரு தரம் முப்பத்தொண்ணு, இன்னொரு தரம் தொண்ணூத்திரண்டு காட்டினா?"

"குப்பையில போடுவேன். ரோட்டுல போறவன் உயிருடா அது."

போனை நீட்டினேன். இரண்டு முடிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"யார் தாடை இது?"

சொன்னேன். மீட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மாலை நேரலையில் மச்சான் மரியாதையாக, நான் அனுப்பியதில் முதல் படிவத்தின் பதிவு எண்ணைச் சொன்னார். அண்ணன் படிவத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பாத்திரம் கழுவற தாடை. எலும்பே சோர்ந்து கெடக்கு பாருங்க."

மச்சான் இரண்டாவது எண்ணைச் சொன்னார்.

"ஆகா! இதுதான்யா சிங்கத் தாடை!"

"ரெண்டும் ஒரே படம்ணே. போன வாரம் உங்க வீடியோவுல இருந்து வெட்டினது."

அண்ணனின் கை தானாகத் தன் தாடைக்குப் போனது. "இது சதி!" என்றார். திரை இருண்டது. கீழே எழுத்துகள் மட்டும் ஓடின. 'அப்ப என் நாப்பத்தொண்ணு?' என்றது ஒரு சிங்கம். 'என் வீட்டுல வேலையை விட்டாச்சே, இனி யார் திருப்பித் தருவா?' என்றது இன்னொன்று. அதற்கு யாரும் கட்டைவிரல் காட்டவில்லை.

மச்சான் எழுந்து அக்காவிடம் போனார். "அந்த லெட்டரைக் கிழிச்சுடு."

"எழுதினாத்தானே கிழிக்க?" என்றாள் அக்கா. அப்போதுதான் சிரித்தாள்.

ரப்பர் கட்டை இப்போது கடையில் ஜாக்கிக்கு அடியில் இருக்கிறது. அங்கே நன்றாகவே உதவுகிறது. சிங்கங்களே, தாடையை அளக்கக் கொடுக்கும் முன், அதற்கு ஒரு சாண் மேலே இருப்பதைக் கொஞ்சம் செலவு செய்தால் என்ன? தேய்ந்துவிடாது. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், மூன்று முறை.