ஏழாவது பாரனெட்டுக்கு எள்ளுத் தண்ணீர்

2019 ஜூலை 31, புதன்கிழமை, ஆடி அமாவாசை. குளித்தேன். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இறந்த அப்பாவுக்கான விரதத்துக்குக் கசப்பான காத்தோட்டிக்காய் சமைத்து மூடிவைத்துவிட்டு, சேர் அண்ணையுடன் எஸ்-பான் ரயிலில் கோயிலுக்குப் போனேன். ஹம்பேர்க்கில் அவரைப்போல் ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததுமில்லை, குடியேறியதுமில்லை.

அவர் எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர். மூன்றாம் மாடியில் ஆர்தர் என்ற ஆங்கிலேயக் கிழவர் தனியாக இருந்தார்; பரம்பரைப் பட்டம் பெற்ற குடும்பத்தின் ஏழாவது பாரனெட். அண்ணை அவரைப் பட்டத்துக்கு ஏற்ப 'சேர்' (Sir) என்று கூப்பிட, கட்டடம் அண்ணைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது.

கிழவருக்குத் தினமும் சோறு கொண்டுபோனவர், குடும்ப வரலாற்றோடு திரும்பினார். முதலாமவர் அரசருக்குப் படை கொடுத்துப் பட்டம் வாங்கினார். மூன்றாமவர் மாளிகைக் கூரையின் ஈயத்தை விற்றார். நான்காமவர் அந்தக் கூரையின் கீழ் நனைந்து, காய்ச்சலில் செத்தார். யாராவது 'பிரபு' என்றால் அண்ணை விடமாட்டார். "பிரபு இல்லை, பாரனெட். பிரபுவுக்குக் கீழ, நைட்டுக்கு மேல. நாங்கள் பொய் சொல்லக்கூடாது."

ஆர்தர் பிள்ளையில்லாமல் செத்தார். ஆண் வாரிசு இல்லாததால் பட்டமும் அற்றுப்போனது.

கோயிலில் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்த அண்ணை எழும்பவில்லை.

"இன்னும் ஒராள் இருக்கிறார் ஐயா. பேர் ஆர்தர்."

கோயில் தலைவர் ஓடிவந்தார். "வெள்ளைக்காரனுக்கோ? அவர் சைவமோ?"

"காத்தோட்டிக்காயை முகம் சுளிக்காமல் திண்டவர். உங்களுக்கு ஏலுமோ?"

"இங்கிலாந்திலயே அந்தக் குடும்பம் முடிஞ்சுதெண்டு எழுதிப்போட்டாங்கள். உமக்கென்ன?"

"எழுதினவையிட்டச் சொல்லுங்கோ, ஹம்பேர்க்கில முடியேல்லை எண்டு. எள்ளுத் தண்ணி இறைக்காமல் நான் எழும்பமாட்டன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஐயர் தலைவரைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். "ஆருமில்லாதவைக்கு ஆரும் இறைக்கலாம். கோத்திரம்?"

"தெரியாதவைக்குச் சிவகோத்திரம் எண்டுதானே சொல்லுறனீங்கள்."

"சரி. தகப்பன், பாட்டன் பேர்?"

"தகப்பன் ஜோர்ஜ், ஆறாவது பாரனெட். பாட்டன் ஹென்றி, ஐந்தாவது, குதிரைப் பந்தயத்தில காட்டைத் தோத்தவர்..."

"பேர் மட்டும் காணும்."

"இங்கிலாந்தில எத்தினை ஹென்றி, ஐயா? எள்ளுத் தண்ணி பிழையான ஆளிட்டப் போனால்?"

ஐயர் கண்ணை மூடினார். "சிவகோத்திரஸ்ய ஹென்றி நாமதேயஸ்ய" என்று அவர் சொல்ல, அண்ணை மூன்று பேருக்கும் அவசரமில்லாமல் ஆறுதலாக இறைத்தார். தலைவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

திரும்பும் வழியில் அண்ணை எஸ்-பானில் நெஞ்சை நிமிர்த்தியே இருந்தார். "வாற வருசமும் வருவன், தங்கச்சி. மறிக்கட்டும் பாப்பம்."

மறுநாள் காலை, தேநீருக்குக்கூட அடுப்பு மூட்டாமல், அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய அப்பா, பாட்டன், பூட்டன் பெயர்களைக் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை; ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருக்கும் பிள்ளைகள் இல்லை.