நம்பர் இல்லாத மேசைகள்

அடுத்தவர் மனம் கோணாமல் காரியம் சாதிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபத்தெட்டு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் வேலை. இதற்கென்றே இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி, கையில் ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். (அதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். அம்மா அதன் மேலேயே காலண்டரை மாட்டினார்.)

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானில் தங்கை சுமதியின் கல்யாண விருந்து வந்தது. மண்டபத்தில் நாற்பது மேசைகள். ஒன்றாம் நம்பர் மேசைக்கு மட்டும் இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவர் கோயில் தலைவரான என் தாய்மாமா. இன்னொருவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர். இருவருமே ஒன்பது பேரோடு வருவார்கள். மேசைக்குப் பத்து நாற்காலிதான்.

நம்பர் இருந்தால்தானே சண்டை? எல்லா மேசைக்கும் பூக்களின் பெயரை வைத்துவிட்டேன். மாமாவுக்குத் தாமரை, டத்தோவுக்கு ரோஜா, இரண்டும் மேடைக்கு நேர் முன்னால். மாமா போன் பண்ணி, தாமரை பெரிசா ரோஜா பெரிசா என்று விசாரித்தார். எல்லாப் பூவும் ஒன்றுதான் என்றேன். மாமா போனை வைத்துவிட்டார்.

பரிமாறுகிறவர்களுக்கு அந்த நம்பர்தான் வழிகாட்டி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றில் ஆரம்பித்து வரிசையாகப் போவது அவர்கள் பழக்கம். நம்பர் இல்லாததால், அடுப்படிக்குப் பக்கத்திலிருந்த மேசையில் ஆரம்பித்தார்கள். அங்கே இருந்தது என் பள்ளிக்கூடக் கூட்டாளிகள். அவர்கள் இரண்டாவது கோழித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் தண்ணீர்கூட வரவில்லை. மாமா திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். அதைப் பார்த்து டத்தோவும் எழுந்து போனார். (மாமா தன்னை முந்திக்கொண்டு கோபப்பட்டுவிட்டார் என்று டத்தோவுக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு.)

எங்கள் வீட்டில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் மற்றவர்கள் மேடை ஏறலாம். சுமதி காலியான தாமரை மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன்.

மாமா ஏர்கான் போட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். "நீ போய்ச் சாப்பிடு லா. நாங்க பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பிட்டுக்கிறோம்" என்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குரலைத் தாழ்த்தி, அவருடைய உணர்வுகளை முழுமையாக மதிப்பதாகச் சொன்னேன். கண்ணாடி மேலே ஏறியது.

கண்ணாடியைத் தட்டினேன். "தப்பு என்மேலதான் மாமா. சுமதி அழுவுறா."

கதவு உடனே திறந்தது. "அத மொதல்ல சொல்றதுக்கு என்னடா?"

இறங்கியவர் தானாகவே பக்கத்துக் காருக்குப் போய் டத்தோவையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மண்டப வாசலில் இருவரும் நின்றுவிட்டார்கள். நீங்கள் முதலில் போங்கள் என்று மாமா சொல்ல, இல்லை, தாய்மாமன்தான் முதலில் என்று டத்தோ சொல்ல, எந்த இடத்துக்காகக் கோபித்துக்கொண்டு போனார்களோ அதே இடத்தை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். கேட்காமலே விட்டுக்கொடுக்கிற மனிதர்களுக்கு, கிடைக்காதபோது மட்டும் ஏன் அப்படிக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது? எனக்கு அது விளங்கவே இல்லை.

அதன் பிறகு குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் மாமா மைக்கைப் பிடித்து, பூ மேசை கண்டுபிடித்த விஞ்ஞானி என்று என்னை எழுந்து நிற்க வைத்துப் பொன்னாடை போர்த்துவார். மண்டபமே சிரிக்கும். பதினைந்து வருடமாக எனக்கு மானம் போகிறது.

போன மாதம் சுங்கை பூலோவில் ஒரு கல்யாணம். மாமா பொன்னாடையை மறந்துவிட்டார். பாயசம் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு, சும்மா காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். என் மனைவி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராக மாமாவிடம் போனாள்.

"மாமா, அவருக்கு ஒரு துண்டப் போட்டு விட்ருங்க. கார் சாவி அவர்கிட்டதான் இருக்கு."