நயாகராவுக்குப் பக்கத்தில் நிற்பவர்

நயாகரா நீர்வீழ்ச்சியைப் போட்டோவில் பார்த்ததும் அங்கப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏனுங்க நாயுடு, இத்தனை தண்ணிய மேல ஏத்தறதுக்கு எத்தனை எச்.பி. மோட்டாரு போட்டிருக்காங்கோ?"

அங்கப்பன் கோவையில் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்து பம்புசெட்டுக்குச் சாமான் கடைந்து கொடுப்பவர். உலகத்தில் எங்கேயாவது உயரத்தில் தண்ணீர் இருந்தால், அதை ஒரு மோட்டார்தான் ஏற்றியிருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

"மோட்டாரெல்லாம் இல்லீங்க. ஆறு தானா வந்து விழுகுதுங்க," என்றார் கோவிந்தராஜுலு. "அத உடுங்க. எம் பக்கத்துல நிக்கறது ஆருன்னு பாத்தீங்களா?"

"தானா விழுகுதுங்களா? அப்ப அத்தனையும் வீணாத்தானே போகுது!" அங்கப்பன் போட்டோவைப் பட்டறை ஆட்களிடம் கொடுத்தார். "பாருங்கப்பா அநியாயத்த. இங்க குழாயத் தொறந்தா காத்து வருது."

போட்டோ லேத், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அதற்குள் பட்டறை மொத்தமும் அமெரிக்காக்காரனைத் திட்டி முடித்திருந்தது. போட்டோவில் கோவிந்தராஜுலுவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற பையனின் முகத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் கிரீஸ் அப்பியிருந்தது.

"எம் பையன் லீவு போட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போயி..." என்று அவர் ஆரம்பித்தபோது லேத் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்?

இந்த ஒரு வாக்கியத்தைத் தெருவில் யார் காதிலாவது போட்டுவிட வேண்டும் என்றுதான் மனிதர் அலைந்துகொண்டிருந்தார்.

கோவிந்தராஜுலு உடுமலைப்பேட்டையில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் கணபதிக்கு வந்து வீடு வாங்கினார். ஒரே மகன் கிஷன். அமெரிக்காவுக்குப் போய் ஆறு வருடமாகிறது; அங்கேயே கல்யாணம், குழந்தை. ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதால், அவனை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

போன கோடையில் கிஷன் டிக்கெட் அனுப்பினான். அப்பா மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தார். வந்த வாரமே முடிவெட்டும் கடையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது:

"கூப்பிட்டதே கொழந்தயப் பாத்துக்கத்தானுங்க. அங்க ஆயாவுக்குச் சம்பளம் குடுத்துக் கட்டுபடியாகுதுங்களா? அப்பன்னா ஒரு டிக்கெட்டோட முடிஞ்சுபோச்சு."

அன்று அவர் முடி வெட்டாமலே எழுந்து வந்துவிட்டார். மறுநாளிலிருந்து சட்டைப் பையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நயாகரா தோற்றுப் போனதால், அடுத்து அமெரிக்காவின் மாபெரும் மலைப்பள்ளத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவிடம் போனார். மைல் கணக்கில் நீளும் பள்ளம் அது. உலகமே காசு செலவழித்துப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளக்கிற இடம். பங்காரம்மாவும் வாயைப் பிளந்தாள்.

"எத்தனை எடம் அண்ணா! இத்தனையும் சும்மாவா போட்டு வெச்சிருக்காங்கோ? சைட்டுப் பிரிச்சா சரவணம்பட்டி வரைக்கும் வருமே!"

"அது பள்ளம்மா. அடி தெரியாத பள்ளம்."

"மண்ணடிச்சுக்கலாமுங்க."

"பக்கத்துல நிக்கறானே ஒருத்தன்..."

"கார்ப்பரேசன் தண்ணி வருதுங்களா அங்க?"

கோவிந்தராஜுலு போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, டிவியையும் போட்டார். வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இருக்கட்டும் என்றுதான் அவர் டிவி போடுவது. என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிஷன் போன் செய்வான். "மாத்திரை போட்டீங்களா நைனா?" என்பான். "போட்டேன்" என்பார். "சரி நைனா, வெக்கட்டுங்களா?" என்பான். அந்த அழைப்புக்காக அவர் சனிக்கிழமையிலிருந்தே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

ஆற அமர யோசித்ததில் அவருக்குக் குறை எங்கே என்று பிடிபட்டது. அருவி பெரிதாக இருக்கிறது, பையன் சின்னதாக இருக்கிறான். பிறகு ஆட்கள் எதைப் பார்ப்பார்கள்? நெகட்டிவ் சுருளை எடுத்துக்கொண்டு ஷேக் பரீதின் ஸ்டுடியோவுக்குப் போனார்.

"பாய், இந்த அருவியக் கொஞ்சம் வெட்டிப்போட்டு, ஆளுகள மட்டும் பெருசாப் போட்டுத் தர முடியுங்களா?"

"அருவிய வெட்டிட்டா அமெரிக்காவுக்கு அத்தாட்சி ஏதுங்க?" என்றார் ஷேக் பரீத். "கோவைக் குத்தாலத்துல எடுத்ததுன்னு சொல்லிப்போடுவாங்கோ. முழுசாவே பெருசாப் போட்டுக்கலாம். அருவி பெருசானா பையனும் கூடவே பெருசாவாருல்லீங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. "ஆனா இந்த ஒண்ணு மட்டும் போதுங்க பாய். ஒண்ணே ஒண்ணுதான்," என்று கோவிந்தராஜுலு அழுத்திச் சொன்னார். படியிறங்கியவர் திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னார்.

பெரியவர் கூச்சப்படுகிறார் என்று ஷேக் பரீத் எடுத்துக்கொண்டார். இவர் பக்கத்தில் இன்னொருத்தர் நிற்கிற படம் எதெது என்று பொறுக்கி, அத்தனையையும் டவுனில் இருக்கும் கலர் லேபுக்கு அனுப்பிவைத்தார். பாய்க்கு நல்ல மனசு. கெட்ட மனசுக்காரர்களிடமிருந்து தப்பிக்க வழி உண்டு. நல்ல மனசுக்காரர்களிடம் மாட்டினால் பகவான்தான் காப்பாற்ற வேண்டும்.

இதற்கிடையில் பங்காரம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"பெருசாப் போட்டு மாட்டுவீங்க, சரி. ஆரு அண்ணா பாப்பாங்க? உங்க ஊட்டுக்குத்தான் ஆரும் வாரதில்லையே."

அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். கோவிந்தராஜுலுவுக்குத்தான் சுருக்கென்றது. அவளே வழியும் சொன்னாள்:

"காசிக்குப் போயிட்டு வந்தாலே சமாராதனை பண்ணி நாலு பேருக்குச் சோறு போடறோம். அமெரிக்கா காசியை விடத் தூரமில்லீங்களா? தெருவக் கூப்பிட்டுப் போடுங்க. சாப்பிட வாரவங்க செவுத்தப் பாக்காமயா போயிருவாங்கோ?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. சமையலுக்கு ஆள் ஏற்பாடு ஆனது. அன்று காலை கிஷன் போன் செய்தபோது, "இன்னிக்கு ஊட்ல விருந்துப்பா, தெருவே வருது," என்றார். "நல்லது நைனா, உப்புக் கம்மியாச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அவர் வீட்டுச் சாவியைப் பங்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, தயிரும் வெற்றிலையும் வாங்கப் போனார். திரும்பி வந்து ஹாலுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

சுவரில் வரிசையாக ஐந்து படங்கள், கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு, ஆளுயரத்தில் தொங்கின. நடுவில் தீவட்டி பிடித்த சுதந்திர தேவி சிலை. வலப்பக்கம் நயாகரா, மலைப்பள்ளம். இடப்பக்கம் கடல்மேல் சிவப்புப் பாலம், ஆகாயத்துக்குப் பீய்ச்சியடிக்கும் வெந்நீர் ஊற்று.

"ஏம்மா... எல்லாத்தயும் மாட்டிட்டீங்க?"

"பாய் குடுத்தனுப்பிச்சாருங்க. ஒண்ண மாட்டிட்டு நால பீரோவுல வெக்கிறதுங்களா? அந்தப் பொம்மையம்மா கையில தீபத்தோட நிக்கறா, நல்ல லட்சணம். அதான் நடுவுல மாட்டிப்போட்டேன்."

கோவிந்தராஜுலு தயிர்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்தார். ஏறி முதல் படத்தில் கை வைக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, வரலாமுங்களா?"

அங்கப்பன் குடும்பத்தோடு வந்துவிட்டார். பின்னாலேயே தெருவும் வந்தது. இத்தனை நாள் "பாருங்க, பாருங்க" என்று கெஞ்சித் திரிந்த மனிதர், இப்போது ஸ்டூலை விட்டு இறங்கிக் கையை விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கையால் எத்தனை படத்தை மறைப்பது? சிலைக்கு முன்னால் நின்றால் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு ஓடினால் பள்ளம் தெரிந்தது. விருந்து வைக்கிறவர்களுக்கு வரும் படபடப்பு இது என்று பங்காரம்மா நினைத்துக்கொண்டாள்.

அவர் பயந்தது அநாவசியம். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியா பேட்டிங். அத்தனை பேரும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கொண்டுவந்த துணிப்பையை மாட்ட ஆணி தேடி, சுதந்திர தேவி தொங்கிய ஆணியிலேயே அவள் கழுத்தில் விழுகிற மாதிரி மாட்டினார். அங்கப்பன் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்ததும் கோவிந்தராஜுலு மறுபடி கையை விரித்தார். அவர் பார்த்தது பாயச வாளியை.

"இங்கொரு கரண்டி ஊத்துங்க," என்றார் அங்கப்பன்.

சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், "அருமையான சாப்பாடுங்க நாயுடு" என்று சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். பங்காரம்மாவும் மிச்சமிருந்த ரசத்தைத் தூக்கில் வாங்கிக்கொண்டு போனாள். வீடு மறுபடியும் காலியாயிற்று.

கோவிந்தராஜுலு சுவரோரம் உட்கார்ந்தார். முதலில் அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் போனதும் கோபம் வந்தது. பிறகு அதுவும் வடிந்து, அழுகைதான் வந்தது. இத்தனை பேர் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். உங்கள் பையன் எப்படி இருக்கிறான் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

சமையல்காரரோடு இலை எடுக்கவும் பாத்திரம் விளக்கவும் வந்திருந்த பழனியாத்தாள் ஹாலைக் கூட்டிக்கொண்டே வந்தாள். சுவருக்குக் கிட்டே வந்ததும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நயாகரா எதிரில் நின்றாள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை.

"இதாருங்க, உங்க தோளு மேல கை போட்டுட்டு நிக்கறது?"

கோவிந்தராஜுலு எழுந்தே விட்டார். இரண்டு மாதமாக அவர் காத்திருந்த கேள்வி. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எம் பையனம்மா! லீவு போட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிச் சுத்திக் காட்டினான்!"

"அப்படிங்களா!" என்று பழனியாத்தாள் மோவாயில் கை வைத்தாள். பிறகு அடுத்த படத்துக்குப் போனாள். அங்கிருந்து சிலைக்கு, பாலத்துக்கு, வெந்நீர் ஊற்றுக்கு. ஒவ்வொன்றிலும் நின்று, நிதானமாக முகத்தை மட்டும் பார்த்தாள். கோவிந்தராஜுலு அவள் பின்னாலேயே போனார்.

கடைசிப் படத்தையும் பார்த்து முடித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடுத்து வெச்சவருங்க நீங்க. நானும் ஒண்ணே ஒண்ணப் பெத்தேன், திருப்பூர்ல இருந்துட்டு பொங்கலுக்குக்கூட வாரதில்லீங்க. உங்களுக்குப் பாருங்க, எடத்துக்கு ஒரு பையனா அஞ்சு பேருமே லீவு போட்டுட்டுல்ல கூட வந்திருக்காங்கோ!"