மட்டக்கோலைத் தலைகீழாகப் பிடித்தவனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஈரப் புல்வெளி பாதுகாக்கப்பட்ட பகுதியாகி இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. அதைக் காப்பாற்றியவர் பெயரோடு வாசலில் வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு அங்கே வழிகாட்டியாக இருக்கிறேன் அல்லவா, எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! முழங்கால் உயரக் கோரை, நடுநடுவே ஊதாப் பூக்கள், காலடிச் சத்தம் கேட்டாலே ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக் குருவி. அதன் குஞ்சுகள் பறந்த பிறகுதான், ஆண்டுக்கு ஒரே முறை, புல் அறுப்போம். அறுக்காவிட்டால் புதர் மண்டிப் புல்வெளியே இல்லாமல் போய்விடும். போன வாரம் பார்க்க வந்தவர்களுக்கு இதை விளக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்ததில் இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டேன். நான்கு பேர் இழுத்ததில் நான் வந்தேன், வலது செருப்பு வரவில்லை. அதுவும் இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது.

சேற்றைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள், "இவ்வளவு நல்ல எடத்தக் காய வைக்க யாருமே பாக்கலையா?" என்றார்.

"பாத்தாங்கம்மா. நான்தான் பாத்தேன்," என்றேன்.

உனக்குத் தெரியாததா? முப்பத்தொரு ஆண்டுக்கு முன், கிடங்கு கட்டுவதற்காக இந்தப் புல்வெளி நீரை ஆற்றில் வடிக்கக் கால்வாய்க்கு அளவெடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் மேடு பள்ளம் பார்க்கும் மட்டக் கருவியில் கண்ணை வைக்க, உதவிக்கு வந்த நீ எதிரே எண் போட்ட மட்டக்கோலைத் தலைகீழாகப் பிடித்தாய். மேடு பள்ளமாயிற்று, பள்ளம் மேடாயிற்று. கால்வாயைத் திறந்த அன்று மேலதிகாரி கைதட்டத் தயாராக நிற்கிறார்; புல்வெளித் தண்ணீர் ஆற்றுக்குப் போகவில்லை, ஆறு புல்வெளிக்கு வந்தது. கிடங்குத் திட்டம் முழுகியது, பறவைகள் தங்கின.

இதற்காக வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் நாலு பேர் முன்னால் உன் மானத்தை வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒரு சின்ன உதவி. பலகையில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடமாம். புல்வெளி அலுவலகத்தில் கேட்டால், "கோல் நேராத்தான் இருந்துச்சு, தப்பு அத்தானோடது" என்று சொல்லிவிடு. உன் மேல் இருக்கும் பழியும் போய்விடும். யோசித்துப் பார், அந்தப் பழைய கருவிக்குள் கோலின் எண்கள் எப்போதும் தலைகீழாகத் தெரியும். நீ கோலைக் கவிழ்த்துப் பிடித்ததால் அன்று மட்டும் நேராகத் தெரிந்தன. அதைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தது யார்? நானல்லவா! அப்படியானால் புல்வெளியைக் காப்பாற்றியது யார், நீயே சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் கால் நனையாமல் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "கால்வா தெறந்த அன்னிக்கு நீங்க எனக்கு எழுதின கடுதாசியப் போன மாசமே ஆபீஸ்ல குடுத்துட்டேன்," என்கிறாள். 'இதில் எனக்குத் துளியும் பங்கில்லை, முழுக்க உன் தம்பி செய்த வேலை' என்று அதில் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறேனாம். பலகையில் உன் பெயர் எழுதிக் காய்ந்தே விட்டது. கீழே சான்றாக, என் கையெழுத்தோடு அந்த வரி. திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வா. "இவன் என் மைத்துனன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும். பலகையை நடும்போது மட்டும் தயவுசெய்து நீ பிடிக்காதே.