ஆடுகளைச் சாட்சிக்கு அழைப்பவர்

"நீ என்ன சாப்பிட்டே?"

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து லியோனி மேற்கு ஆஸ்திரேலியாவில், கேட்டானிங் என்ற ஊரில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள், பார்க்க வந்த ஆட்டுப்பண்ணைக்காரர் கிளெனிஸ் பாஸ்கோ கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இப்பவா? ஒரு துண்டு ரொட்டி."

"இப்ப இல்ல கண்ணு. இத்தனை வருஷமா."

"எல்லாரும் சாப்பிடறதுதான். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி..."

"காப்பிக்கு என்ன பால்?"

"சோயாப் பால். மாட்டுப்பால் வயித்துக்கு ஒத்துக்கல."

கிளெனிஸ் கண்ணை மூடித் திறந்தார். "அப்படிச் சொல்லு!"

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்கும் தெரியும். யாருக்காவது நோய் என்று காதில் விழுந்தால் போதும், அடுப்படிக்குள் புகுந்து குற்றவாளியைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்துகிறவர்கள். நோயாளிக்கு வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, துணி துவைக்க ஆள் உண்டா என்பதெல்லாம் மற்றவர்கள் கேட்கட்டும். இவர்களுக்குத் தீர்ப்பு வேண்டும். ஏன்? அவள் சோயா குடித்தாள், அவளுக்கு வந்தது. நான் குடிப்பதில்லை, எனக்கு வராது. இவ்வளவுதான் கணக்கு. அனுதாபம் மாதிரி தெரியும். பயம் அது.

கேட்டானிங்கில் இந்த இனத்துக்குக் கூடுதல் பலம் ஒன்று உண்டு. ஆடு. கிளெனிஸின் மாமனார் காலத்தில், மேய்ச்சலுக்கென்று விதைத்த க்ளோவர் புல்லைத் தின்ற பெட்டை ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. புல்லில் இருந்த தாவர ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் உண்மைதான். சோயாவிலும் அந்தப் பொருள் உண்டு என்பதும் உண்மைதான். அந்தப் புல்வெளியிலிருந்து லியோனியின் காப்பிக் கோப்பைக்குக் கிளெனிஸ் ஒரே தாவாகத் தாவினார் பாருங்கள், அதுதான் வித்தை.

"ஆடு எங்கே, நான் எங்கே?" என்றாள் லியோனி.

"ரெண்டும் பொண்ணுதானே!"

"அதுங்க நாள் பூரா மேயும். நான் குடிக்கிறது ஒரு காப்பி."

"எங்க ஆடுங்களும் முதல்ல கொஞ்சமாத்தான் மேஞ்சுது."



கீமோ மருந்து ஏற்றத் தொடங்கியதும் எதை வாயில் வைத்தாலும் லியோனிக்கு இரும்புச் சுவை. எடை இன்னும் குறைந்தால் அடுத்த தடவை மருந்து ஏற்றுவதைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். ஊர் வழக்கப்படி வாசலில் ஐஸ் பெட்டி வைத்தாயிற்று. நோயாளியை எழுப்பாமல் அக்கம்பக்கத்தார் சமைத்ததை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு ரோஹாயா வைத்த சூப் ஒன்றுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்கியது. இஞ்சி தட்டிப்போட்டு, டோஃபுத் துண்டுகள் மிதக்கும் சூப். ஆம், டோஃபு. சோயாவேதான்.

சில நாளில் சூப் நின்றது. ரோஹாயாவுக்கு அலுத்துவிட்டது போலும் என்று லியோனி நினைத்துக்கொண்டாள். யாரைக் குறைசொல்வது? பெட்டியில் கிளெனிஸ் வைத்த ஆளிவிதை ரொட்டி மட்டும், கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் போன்ற கனத்தில் கிடந்தது. எடை குறைந்தது. மருந்து தள்ளிப்போனது.

அந்த வாரம் ரோஹாயா தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினாள். "சூப் பிடிக்கலன்னா பரவாயில்லக்கா. என் பாத்திரங்களையாவது குடுத்துடுங்க. வீட்ல ஒண்ணுகூட மிச்சமில்ல."

விசாரித்துப் போய்ப் பார்த்தால், பாத்திரங்கள் அத்தனையும் கிளெனிஸ் வீட்டில் இருந்தன, பளபளவென்று கழுவி.

"உன் நல்லதுக்குத்தான் பெட்டியிலருந்து எடுத்தேன்" என்றார் கிளெனிஸ்.

"சூப்பை என்ன பண்ணினீங்க?"

"கோழிக்கு ஊத்தினேன்."

"கோழியும் பொண்ணுதானே, கிளெனிஸ்?"

லியோனி உணவியல் நிபுணரை அழைத்துக் கேட்டாள். சோயாவை உணவாகச் சாப்பிட்டால் பயமில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். அதையே மாத்திரையாகச் செறிவாக்கி விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்றார் அவர். கூடவே, தாவர ஈஸ்ட்ரோஜன் என்று பார்த்தால் ஆளிவிதையிலும் ஏகத்துக்கு உண்டு, அளவாகச் சாப்பிட்டால் அதுவும் கெடுதல் இல்லை என்று சிரித்தார்.

லியோனி இதைச் சொன்னதும் கிளெனிஸ் வெட்கப்பட்டார் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? இந்த இனம் வெட்கப்படாது. சரக்கை மாற்றும். அடுத்த வாரமே கையில் ஒரு மாத்திரைப் புட்டியோடு வந்தார். "தாவர ஈஸ்ட்ரோஜன் உனக்கு ரொம்ப நல்லதாமே! சிவப்பு க்ளோவர்ல எடுத்தது."

"ஆடுங்களக் கெடுத்த அதே புல்லா?"

"அது வேற ரகம். இது மாத்திரை!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக ஒருவருக்கு நோய் என்று கேட்டபோது உங்கள் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி எது? அது போகட்டும், இதைப் படித்துக்கொண்டே, உங்கள் வீட்டுக் காப்பியில் ஊற்றும் பாலை ஒருமுறை நினைத்துப் பார்த்தீர்களா இல்லையா?

லியோனியின் சிகிச்சை முடிந்தது. மறு ஆண்டு மார்பகப் பரிசோதனை வண்டி ஊருக்கு வந்து போன பிறகு, கிளெனிஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. படத்தில் ஏதோ நிழல். பெர்த் நகர மருத்துவமனைக்கு வந்து இன்னொரு முறை காட்ட வேண்டுமாம். ஆயுளில் ஒரு சொட்டுச் சோயா தொடாத மனுஷி.

லியோனி வீட்டு வாசலில், ஐஸ் பெட்டி முன்பு இருந்த இடத்தில் கிளெனிஸ் வந்து நின்றார்.

"பெர்த்துக்கு என்கூட வர்றியா?"

"கண்டிப்பா வரேன்."

கிளெனிஸ் போகாமல் நின்றார். கைப்பையின் வாரை முறுக்கினார்.

"வழியில என்ன வேணா பேசலாம் கண்ணு. நான் என்ன சாப்பிட்டேன்னு மட்டும் கேட்டுடாதே."